'படிப்ஸ்' என்றொரு பட்டப்பெயர்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



தேர்வு நாளன்று காலையில் மாணவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். "நான் ஒண்ணுமே படிக்கலடா" என்பான் ஒருவன். "நான் புத்தகத்தையே தொடல" என்பாள் இன்னொருத்தி. விடைத்தாளைத் திருத்தும்போதுதான் இருவரும் நன்றாகப் படித்திருக்கிறார்கள் என்பது தெரியும். தவறு செய்தால் மறைப்பார்கள். படித்ததை ஏன் மறைக்க வேண்டும்? இன்று இதைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

எப்போதும் படிப்பவரைக் கேலி செய்ய நம் பள்ளிகளில் 'படிப்ஸ்', 'புத்தகப் புழு', 'சோடாபுட்டி' என்று பல பெயர்கள் உண்டு. அமெரிக்காவில் அவரை 'நெர்டு' என்பார்கள். 1950இல் டாக்டர் சூஸ் எழுதிய சிறுவர் நூலில் அது ஒரு கற்பனை விலங்கின் பெயராக வருகிறது. அடுத்த ஆண்டே, டெட்ராய்ட் நகரில் அது ஆட்களைக் கேலி செய்யும் சொல்லாகப் புழங்குவதாக நியூஸ்வீக் இதழ் எழுதியது. 1984இல் 'ரிவெஞ்ச் ஆஃப் தி நெர்ட்ஸ்' திரைப்படம் வந்தது. தடித்த கண்ணாடி, சட்டைப்பை நிறையப் பேனா, கூச்சம், விளையாட்டு வராத உடம்பு என்று படிப்பாளிக்கு ஓர் உருவம் நிலைத்துவிட்டது.

நமக்கு நெருக்கமான உதாரணம், 2012இல் வெளிவந்த 'நண்பன்'. அதில் சத்யன் நடித்த ஸ்ரீவத்சன் எதையும் மனப்பாடம் செய்பவன். சொற்கள் மாற்றப்பட்டது தெரியாமல் அவன் மேடையில் உரையை ஒப்பிக்கும்போது அரங்கமே சிரிக்கிறது. நாமும் சிரித்தோம். மனப்பாடக் கல்வி கூடாது என்ற படத்தின் கருத்தை நானும் ஏற்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முதலிடம் பெறுபவன் கதாநாயகன். அவன் உட்கார்ந்து படிப்பது நம் மனதில் நிற்பதே இல்லை. விழுந்து விழுந்து படிப்பவனோ கேலிப்பொருள். இதிலிருந்து ஒரு குழந்தை எதைக் கற்றுக்கொள்ளும்? அறிவு இருந்தால் பெருமை. அதற்காகப் பாடுபடுவது தெரிந்தால் அவமானம்.

திரைப்படத்தை மட்டும் குறை சொல்லிவிட்டு நான் தப்பிக்க முடியாது. என் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். நான் கேள்வியை முடிப்பதற்குள் அவள் கை உயர்ந்துவிடும். ஒரு நாள், "நம்ம படிப்ஸ் இருக்கும்போது உங்களுக்கெல்லாம் என்ன கவலை?" என்று மற்றவர்களிடம் சொன்னேன். பாராட்டாகத்தான் சொன்னேன். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அதுவே அவள் பெயராகிவிட்டது.

அரையாண்டுத் தேர்வுக்குள் அவள் கை உயர்வது நின்றுவிட்டது. மதிப்பெண் குறையாததால் நான் கவனிக்கவில்லை. பிறகு ஒரு நாள் அவளது அறிவியல் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதிய ஐந்து கேள்விகளைப் பார்த்தேன். "ஏம்மா, இதையெல்லாம் வகுப்புல கேட்கல?" என்றேன். "கேட்டா சிரிக்கிறாங்க, மிஸ்" என்றாள். அந்தச் சிரிப்பைத் தொடங்கிவைத்தது நான்தான்.

பட்டப்பெயர் சூட்டப்பட்டவருக்கு மட்டுமல்ல, அதற்கு வெளியே நிற்பவருக்கும் இழப்பு உண்டு. விஞ்ஞானியை வரையச் சொல்லி 4,807 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வை 1983இல் டேவிட் சேம்பர்ஸ் வெளியிட்டார். கண்ணாடி, தாடி, வெள்ளை மேலங்கி ஆகியவை அந்தப் படங்களில் திரும்பத் திரும்ப வந்தன. பெண் விஞ்ஞானி இருந்த படங்கள் 28 மட்டுமே. அவற்றையும் சிறுமிகளே வரைந்திருந்தார்கள். 'அந்த மாதிரி ஆள் நான் இல்லை' என்று நினைக்கும் குழந்தை, முயன்று பார்ப்பதற்கு முன்பே ஒதுங்கிவிடும். பின்னாளில் அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளில் பெண் விஞ்ஞானிகளின் படங்கள் கூடியிருக்கின்றன. எனவே, இந்த உருவம் மாறக்கூடியதுதான்.

நாம் செய்யக்கூடியவை மூன்று.

ஒன்று, பட்டப்பெயர் நம் வாயிலிருந்து வரக் கூடாது, செல்லமாகக்கூட வேண்டாம். "நல்ல கேள்வி" என்று கேள்வியைப் பாராட்டுவோம்.

இரண்டு, நம் வகுப்பிலும் விஞ்ஞானியை வரையச் சொல்வோம். பிறகு, கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி செய்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள் போன்றவர்களைப் பற்றிச் சொல்லிவிட்டு, மறுபடியும் வரையச் சொல்வோம்.

மூன்று, நம் உழைப்பை மாணவர்கள் பார்க்கட்டும். "இந்தக் கணக்கு எனக்கே நேற்று மூன்றாவது முறைதான் சரியாக வந்தது" என்று கரும்பலகை முன் நின்று சொல்வோம். ஆசிரியரே முயன்றுதான் கற்கிறார் என்று தெரிந்தால், முயல்வதில் மாணவருக்கு வெட்கம் இருக்காது.

அந்த மாணவியிடம் வகுப்பின் முன்னிலையில் வருத்தம் தெரிவித்தேன். உடனே எதுவும் மாறிவிடவில்லை. மூன்று வாரங்களுக்குப் பிறகு, ஒளிவிலகல் பாடத்தின் நடுவில், பாதி உயரத்துக்கு ஒரு கை எழுந்தது. பாடத்தை நிறுத்திவிட்டு அவள் கேள்வியைக் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.