எந்தக் கம்பனியிற் பறப்பது?
(இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நம் பிள்ளைகளுள் விமானமோட்டக் கற்க விரும்புவோர் உளர். பெருந்தொகை செலவிட்டு அனுமதிப்பத்திரம் பெற்றபின், இரு கம்பனிகள் அழைத்தால் எதிற் சேர்வது என்பது பெரிய வினா. "கூடிய சம்பளந் தருவதிற் சேர்" என்று வீட்டார் சொல்வர். அவ்விடை போதுமா என்பதையே இன்று நாம் ஆராயப் புகுகின்றோம்.

முதலாவது, சேவை மூப்பு. அமெரிக்காவின் பெரிய கம்பனிகளில், ஒரு விமானி சேர்ந்த நாளைக் கொண்டே அவருக்கு வரிசை இலக்கம் அமைகின்றது. எவ்வகை விமானம், எந்த நகரம், எந்நாளில் விடுமுறை, எப்போது தலைமை விமானியாவது ஆகிய யாவும் அவ்விலக்கத்தையே பெரிதும் பொறுத்தவை. கம்பனி மாறினால், இருபது ஆண்டு அநுபவமுடையவரும் புதிய வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியவரே. ஆதலால் முதல் ஆண்டின் சம்பளத்தை மாத்திரம் பார்த்தல் ஆகாது.

இரண்டாவது, கம்பனியின் உறுதி. உலகப் புகழ் பெற்ற பான் அமெரிக்கன் 1991 டிசம்பரில் மூடப்பட்டது. இந்தியாவில் கிங்பிஷர் 2012லும், ஜெற் எயர்வேஸ் 2019 ஏப்ரலிலும் பறப்பை நிறுத்தின. அவ்விரண்டிலும் நிறுத்தத்துக்கு முன்னரே விமானிகளின் சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையாயிற்று. கடுதாசியில் எழுதிய சம்பளம் வேறு. கைக்கு வரும் சம்பளம் வேறு.

மூன்றாவது, பிணை ஒப்பந்தம். பயிற்சிச் செலவை ஏற்கும் கம்பனி, இத்தனை ஆண்டு சேவை செய்தல் வேண்டும், இடையில் விலகினால் பணத்தைத் திருப்புதல் வேண்டும் என்று கையொப்பம் கேட்பதுண்டு. அதனை வரிவரியாக வாசித்து, விளங்காததைச் சட்டமறிந்தாரிடம் கேட்ட பின்னரே ஒப்பமிடுக.

நான்காவதே தலையாயது, அஃது ஓய்வு. 2009 பெப்ரவரி 12ந் திகதி, அமெரிக்காவின் பவலோ நகருக்கருகில் ஒரு சிறு பயணிகள் விமானம் வீழ்ந்து 50 பேர் மாண்டனர். தலைமை விமானியின் பிழையான கையாளுகையே காரணமென விசாரணை கண்டது. விமானிகளின் களைப்பையும் அது சுட்டிக்காட்டியது. துணை விமானியின் சம்பளம் சொற்பம். வேலைத்தலத்துக்கு அண்மையில் வசியாது, நாட்டின் மறுகரையிலிருந்து இரவிரவாகப் பிரயாணஞ் செய்து வந்து கடமை ஏற்றவர் அவர். இதன்பின் 2014இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க விதி, கடமைக்கு முன் 10 மணித்தியால ஓய்வைக் கட்டாயமாக்கியது.

எனவே சம்பளம் வேண்டாததன்று; வேலைத்தலத்துக்கு அருகில் நிம்மதியாக உறங்கி எழுவதற்கு அது போதுமா என்றே கேட்டல் வேண்டும். அதற்கும் மேலாக, "இன்று களைத்திருக்கிறேன், பறக்க இயலாது" என்று ஒரு விமானி சொன்னால், அவரைத் தண்டியாத கம்பனியா என்பதை அங்கே பணிபுரிவோரிடம் விசாரித்தறிக. அச்சொல்லை அஞ்சாமற் சொல்லத்தக்க இடமே நல்ல இடம்.

பெரியோர்களே, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். வட்டிக்கு வாங்கிய கடனைப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிட்டு, "சீக்கிரம் உழைத்து அனுப்பு" என்று நெருக்காதீர்கள். கடனுக்கு அஞ்சுபவன் அச்சொல்லைச் சொல்லத் துணியான். அவன் பின்னால் அமர்ந்திருப்போர் நூற்றுக்கணக்கானோர். அவர்களும் ஒவ்வொரு வீட்டின் பிள்ளைகளே.