வணிகப் படிப்பு: முந்தி மனுச் செய்வது எங்கே?

(வட்டாரக் கிளைகளின் கல்விக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இன்று சம்பளப் பேச்சுவார்த்தை பற்றிப் பேசப் போவதில்லை. அதற்கு வேறு நாள் உண்டு. ஐந்தாம் படிவம் முடிக்கும் நம் பிள்ளைகளில் பலர் "பிசினஸ் படிக்கப் போகிறேன்" என்று வீட்டில் சொல்கிறார்கள். எங்கே மனுச் செய்வது, எப்போது செய்வது என்று பெற்றோர் ஆபீசுக்கு வந்து கேட்கிறார்கள். கிராணிமார்களாகிய நாங்கள் ஆளுக்கொரு பதில் சொல்லி அனுப்புவது முறையல்ல. ஆகவே ஒன்றுகூடி விசாரித்து அறிந்ததை உங்கள் முன் வைக்கிறோம்.

வணிகம் நமக்குச் சம்பந்தமில்லாத சரக்கு என்று எண்ண வேண்டாம். 1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகக் கூறுபோட்டார்கள். நம் மக்கள் வேலையையும் வீட்டையும் இழந்து நின்றார்கள். அந்த நேரத்தில்தான் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று பேசி, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். பால்மரம் வெட்டியவர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிய பங்குப் பணத்தில், 1961இல் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பணம் போட நம்மால் முடிந்தது. கணக்கைப் படிக்க முடிந்ததா? ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவு அறிக்கை வரும்போது கையைத் தூக்கிவிட்டுச் சாப்பாட்டுப் பொட்டலத்தை நோக்கி நடப்பவர்கள்தாமே நம்மில் அதிகம்! செக்ரோல் எழுதும் எங்களுக்கே கம்பெனியின் லாப நட்டக் கணக்கு கண்ணில் படுவதில்லை. ரப்பர் விலை இறங்கிவிட்டது, கம்பெனிக்கு நட்டம் என்று முதலாளிமார் மேசைமீது காகிதத்தை நீட்டும்போது, அதை அவர்களைவிட நன்றாகப் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒருவர் நம் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டாமா?

எனவே மனுப் போடுமுன் பிள்ளையிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "உனக்கு வேண்டியது வணிக நிர்வாகமா, கணக்கியலா?" என்பதே. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். போகும் பாதை வேறு. 1967ஆம் ஆண்டுக் கணக்காளர் சட்டப்படி, மலேசியக் கணக்காளர் கழகத்தில் பதிவு பெற்றவர்தான் இந்நாட்டில் தம்மைக் கணக்காளர் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள பல்கலைக்கழகக் கணக்கியல் பட்டத்தோடு மூன்றாண்டு அனுபவமும் இருந்தால் பதிவு கிடைக்கும். பட்டம் அந்த அட்டவணையில் இல்லையென்றால், படித்து முடித்த பிறகு ஏ.சி.சி.ஏ. போன்ற தொழில்முறைத் தேர்வுகளை எழுத வேண்டிவரும். அதற்குத் தனிப் பணம், தனிக் காலம். வணிக நிர்வாகப் பட்டம் தாழ்ந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. விற்பனை, வங்கி, சொந்தத் தொழில் என்று அதற்கும் இடமுண்டு. ஆனால் மகள் கணக்காளராக வருவாள் என்று நம்பிக்கொண்டிருக்கும் தகப்பனார், அவள் சேர்ந்த படிப்பு எது என்பதை நான்காம் ஆண்டில் தெரிந்துகொள்வது கொடுமை. கணக்கியலுக்கு எஸ்.பி.எம்.மில் கணிதத்தில் கிரெடிட் இல்லாமல் முடியாது என்பதையும் பிள்ளைகள் இப்போதே மனத்தில் கொள்ளட்டும்.

இனி, முந்தி மனுச் செய்யும் விஷயம். முந்துவதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, நம் பெயரை வரிசையில் வைக்கும், நம்மைக் கட்டாது. மற்றொன்று, கையெழுத்தையும் பணத்தையும் வாங்கிக்கொண்டு கட்டிப்போடும்.

இரண்டாவது விதம் தோட்டத்து வாசலுக்கே வருகிறது. எஸ்.பி.எம். முடிவு வருமுன்பே, பள்ளியின் முன்னோட்டத் தேர்வு மதிப்பெண்ணை வைத்துத் தனியார் கல்லூரி ஆட்கள் இடம் தருகிறார்கள். "இன்றைக்கே பதிந்தால் பாதி உபகாரச் சம்பளம்" என்கிறார்கள். கேட்கத் தேனாக இருக்கிறது. காகிதத்தைத் திருப்பிப் பார்த்தால், அந்த உபகாரச் சம்பளம் பெரும்பாலும் கையில் வரும் காசல்ல, கட்டணத்தில் ஒரு கழிவு மட்டுமே. உண்மையான முடிவு குறைந்தால் கழிவும் குறையும். சேர்ந்த பிறகு ஒவ்வொரு பருவத்திலும் குறிப்பிட்ட மதிப்பெண் எடுக்காவிட்டால் அதுவும் நின்றுபோகும். எங்கள் பக்கத்தில் ஒரு பால்வெட்டுக் குடும்பம் நகையை அடகு வைத்துப் பதிவுப் பணம் கட்டியது. பிறகு அரசாங்க இடம் கிடைத்தது. பணம் திரும்பி வரவில்லை. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி என்பதை நினைத்துப் பாருங்கள். இந்த இழப்பு அந்த வீட்டின் அடுப்பு வரைக்கும் எட்டியிருக்கும் என்பது விளங்கும்.

எல்லாத் தனியார் கல்லூரிகளும் இப்படி என்று சொல்லிவிட முடியாது. கெடாவில் பீடோங்கிலுள்ள ஏய்ம்ஸ்ட், 2002இல் தொடங்கிய துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் போன்றவை லாபத்துக்காக ஏற்பட்டவை அல்ல. எங்கே போனாலும் அந்தப் படிப்பு மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனமான எம்.கியூ.ஏ.யின் பதிவேட்டில் உள்ளதா என்று பாருங்கள். அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு பி.டி.பி.டி.என். கடன் கிடையாது. அதுவும் கடன்தான், தானமல்ல. மகனின் முதற் சம்பளம் அதற்காகக் காத்திருக்கும். பதிவுப் பணம் எந்த நாள் வரை திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தில் நமக்கு வேலை இல்லை.

முதல் விதத்துக்கு வருவோம். அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் யூ.பி.யூ. வழியாக மனுச் செய்கிறோம். எஸ்.பி.எம். முடிவுக்கு முன்பே மனுப் போடலாம். முடிவு வந்ததும் தெரிவுகளைத் திருத்தலாம். மெட்ரிகுலேஷனுக்கும் தனியாக மனுப் போடுங்கள். அதில் கணக்கியல் பிரிவு உண்டு, ஓராண்டில் முடியும். அங்கே பூமிபுத்ரா அல்லாதாருக்குப் பத்து விழுக்காடு என்ற பங்கீடு இருப்பது நீங்கள் அறிந்ததே. பத்து ஏ எடுத்த பிள்ளைகளுக்கு இனம் பாராமல் இடமுண்டு என்று 2024இல் பிரதமர் அறிவித்தார். நல்ல செய்திதான். எட்டு ஏ எடுத்த பிள்ளை என்ன செய்வது?

அந்தப் பிள்ளைக்கு நாங்கள் ஆறாம் படிவத்தைத்தான் சொல்வோம். ஏனோ நம் வீடுகளில் அதற்கு மதிப்பில்லை. "இன்னும் பள்ளிச் சீருடையா?" என்று பிள்ளைகள் கூசுகிறார்கள். தகுதி உள்ளவர்களுக்குக் கல்வியமைச்சே இடம் தருகிறது. பதிவுப் பணம் கேட்டு யாரும் வாசலுக்கு வருவதில்லை. ஒன்றரை ஆண்டு, மூன்று தவணை. கணக்கியல், வணிகவியல், பொருளியல் மூன்றும் எஸ்.டி.பி.எம். பாடங்களாக இருக்கின்றன. அச்சான்றிதழை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கின்றன. பதினேழு வயதில் பிசினஸ் என்று சொன்ன பிள்ளைக்கு அது உண்மையிலேயே பிடித்திருக்கிறதா என்பதும் பெருஞ்செலவில்லாமல் தெரிந்துவிடும். கடினமான தேர்வு என்பதை மறைக்கவில்லை. மியூட் ஆங்கிலத் தேர்வையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அதன்பின் பட்டப்படிப்புக்கு மீண்டும் யூ.பி.யூ. தெரிவுப் பட்டியலில் முதலிடத்தைப் பெயருக்காக வீணாக்காதீர்கள். நிர்வாகக் கல்விக்கென்றே 1984இல் தொடங்கிய வட மலேசியப் பல்கலைக்கழகம் சிந்தோக்கில் இருக்கிறது. காட்டுப் பக்கம் என்று நம் பிள்ளைகள் அதைக் கடைசியில் எழுதுகிறார்கள். தோட்டத்தில் பிறந்தவர்களுக்குக் காடு என்ன புதிதா?

ஒரு விஷயத்தை நான்காம் படிவப் பெற்றோர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இடம் தரும்போது கல்விக்குத் தொண்ணூறு விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்குப் பத்து விழுக்காடு என்று கணக்கிடுகிறார்கள். நம் பிள்ளை மணியடித்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவருகிறது. விட்டால் அடுத்த பஸ் இல்லை. அதனால் சாரணரில் இல்லை, கழகத்தில் பதவி இல்லை. அரை மதிப்பெண்ணில் இடம் நழுவும் போட்டியில் அந்தப் பத்தில் ஐந்தை முன்கூட்டியே தோற்றுவிட்டு நிற்கிறது. வாரத்தில் ஒரு மாலை பிள்ளைகளை ஏற்றிவரத் தோட்டத்து வேன் வேண்டும் என்று கிளைகள் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். இதைத் தீர்மானமாகவே கொண்டுவர எண்ணியிருக்கிறோம்.

செலவுக்குத் தகப்பனாரின் ஊழியர் சேமநிதியிலிருந்து எடுக்கவும் வழியுண்டு. 2024 மே மாதத்துக்குப் பின் அது செஜாத்ரா கணக்கிலிருந்து. அது முதுமைக்கு வைத்த பணம். மற்ற வழிகளைப் பார்த்த பின்பே அதில் கை வையுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை எங்களில் மூவர் சங்கக் கட்டடத்தில் கம்ப்யூட்டருடன் இருப்போம். பிள்ளையின் அடையாளக் கார்டு, முன்னோட்டத் தேர்வு முடிவு, புறப்பாடச் சான்றிதழ்கள், பிள்ளையின் கைத்தொலைபேசி ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். ஏற்கெனவே எந்தக் கல்லூரியிலாவது கையெழுத்திட்டிருந்தால் அந்தக் காகிதத்தையும் கூசாமல் எடுத்து வாருங்கள். கடைசி வரி வரைக்கும் சேர்ந்தே படித்துப் பார்ப்போம்.