கட்டியை எடுத்துவிட்டால் போதுமா?

தொடையிலிருந்து இடுப்புவரை ஓடும் பெரிய சிரையில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால், அறுவை செய்து அந்தக் கட்டியை எடுத்துவிடலாமே என்றுதான் தோன்றும். 1963-ல், கட்டியை இழுத்தெடுக்க ஃபோகார்ட்டி என்ற மருத்துவர் உருவாக்கிய பலூன் குழாய் வந்த பிறகு பல மருத்துவர்கள் அதை உற்சாகமாகச் செய்தார்கள். அப்படி அறுவை செய்துகொண்டவர்களை ஐந்தாண்டுகள் கவனித்து 1968-ல் வெளியான ஆய்வு அந்த உற்சாகத்தைத் தணித்தது. பெரும்பாலோருக்குக் கால் வீங்கியேதான் இருந்தது!

காரணம், சிரைக்குள் இருக்கும் வால்வுகள். ரத்தம் கீழே இறங்காமல் தடுப்பவை அவை. அவை கெட்டால், வழி திறந்திருந்தும் ரத்தம் காலிலேயே தேங்கும்.

பின்னர் ஸ்வீடனில், அறுவையையும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தையும் பத்தாண்டுகள் ஒப்பிட்டார்கள். அறுவை செய்துகொண்டவர்களுக்குச் சிரை நன்றாகவே திறந்திருந்தது. ஆனால் ஆய்வில் இருந்தவர்களோ அறுபத்துச் சொச்சம் பேர்தான்; உறுதியாக முடிவு செய்ய அது போதாது. இப்போது பெரும்பாலோருக்கு முதலில் மருந்து. கால் நீலம் பாய்ந்து, காலே போய்விடும் என்ற நிலையில்தான் கட்டியை அவசரமாக எடுக்கிறார்கள்.