முடிக்கு கம்மி, தைராய்டுக்கு குழப்பம்

முடி கொட்டுதுன்னு விளம்பரம் பார்த்து நானும் பயோட்டின் கம்மி வாங்கினேன். டப்பாவில் 10,000 மைக்ரோகிராம்னு பெருசா போட்டிருந்தது. நமக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 30 தான். முட்டை, வேர்க்கடலையிலேயே கிடைச்சிடும்.

மூணு மாசத்துல ரத்தப் பரிசோதனை எடுத்தா, தைராய்டு அதிகமா சுரக்குதுன்னு ரிப்போர்ட். பயந்துட்டேன். டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "வைட்டமின் ஏதாவது சாப்பிடுறியாம்மா?" கம்மியை நிறுத்தி, ஒரு வாரம் கழிச்சு மறுபடி எடுத்தோம். நார்மல்!

அளவுக்கு மீறின பயோட்டின் சில லேப் டெஸ்ட்டுகளையே ஏமாத்திடும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கிற ட்ரோபோனின் டெஸ்ட்டும் அதுல அடக்கம். 2017-லேயே அமெரிக்க எஃப்.டி.ஏ. எச்சரிச்சது.

டப்பாவில் இருக்கிற எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் வெறும் உணவு உரிமம். முடி வளரும்ங்கிற சான்றிதழ் இல்லை. அடுத்த டெஸ்ட்டுக்குப் போகும்போது கம்மி சாப்பிடுறதையும் சொல்லிடுங்க.