நாடியும் கைக்கடிகாரமும்

இரண்டாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் கேலன் என்னும் கிரேக்க வைத்தியர் வாழ்ந்தார். உறக்கமின்றி வாடிய ஒரு பெண்மணியைப் பார்க்க அவர் அழைக்கப்பட்டார். உடலில் நோயொன்றும் தென்படவில்லை. பிலாதிஸ் என்னும் கூத்தன் ஆடியதை ஒருவர் வந்து கூற, அவள் முகம் மாறிற்று, நாடி நிலைகுலைந்தது. எனினும் கேலன் உடனே முடிவுகூறவில்லை. மறுநாள் வேறொரு கூத்தனின் பெயரைச் சொல்லச் செய்தார். மூன்றாம் நாள் இன்னொருவன் பெயரை. நாடி மாறவில்லை. நான்காம் நாள் மீண்டும் பிலாதிஸ் பெயர் எழுந்தது. நாடியும் மீண்டும் தடுமாறிற்று. அதன் பின்னரே அவளது காதல் நோயை அவர் உறுதிசெய்தார்.

இன்று அவ்வேலையைக் கைக்கடிகாரமே செய்துவிடும் என்கின்றனர். மன அழுத்தம் இவ்வளவென்று அதன் முகப்பில் ஓர் எண் தோன்றுகிறது. அவ்வெண்ணை எவ்வளவு நம்பலாம்?

கடிகாரம் மனத்தைக் காண்பதில்லை. அதன் அடியிலிருந்து பச்சை ஒளி தோலினுள் பாய்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் குருதி பெருகும்போது திரும்பிவரும் ஒளி குறைகிறது. அதைக் கொண்டு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் கணிக்கப்படுகிறது. நிமிடத்துக்கு 60 முறை துடிக்கும் இருதயமும் சரியாக வினாடிக்கு ஒருமுறை துடிப்பதில்லை. சில இடைவெளிகள் சற்று நீளும், சில குறுகும். அமைதியில் இவ்வேறுபாடு பெரிதாகவும் நெருக்கடியில் சிறிதாகவும் இருப்பது பொதுவியல்பு. இதுவே கணிப்பின் அடிப்படை.

இங்கே தவறு நுழைய இரு வாயில்கள் உள. முதலாவது, அளத்தல். அசையாது உறங்குபவரிடத்தே கடிகாரத்தின் கணக்கு, வைத்தியசாலையில் எடுக்கும் இருதய மின்பதிவை நெருங்கி நிற்கும். கை வீசி நடக்கும்போதும் வார் தளரும்போதும் பிழை மிகும். மார்பில் அணியும் பட்டி இருதயத்தின் மின்னலைகளையே உணர்வதால் அதனினும் நம்பத்தக்கது.

இரண்டாவது, பொருள்கொள்ளல். படியேறினாலும், காய்ச்சல் கண்டாலும், மது அருந்தினாலும், நெடுநாள் பிரிந்த மகன் வாசலில் வந்து நின்றாலும் இருதயம் விரைகிறது. காரணம் எதுவென்று துடிப்பு மட்டும் சொல்லாது. துயரில் ஆழ்ந்து அசையாது அமர்ந்திருப்பவரைக் கடிகாரம் அமைதியுற்றவர் என்று எண்ணவும் கூடும்.

ஆகவே எண் உயர்ந்ததென்று அஞ்சுவதும், தாழ்ந்ததென்று உள்ளத்து வேதனையைப் புறக்கணிப்பதும் தகா. நெஞ்சுவலி வந்தால் கடிகாரத்தைப் பார்த்திருத்தல் ஆகாது. உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். பலநாட் கணக்கைத் தத்தம் உறக்கம், உழைப்பு, கவலை ஆகியவற்றோடு ஒப்பிட்டு நோக்குவோருக்கே இக்கருவி பயன்தரும். கேலனும் நாடியை மட்டும் நம்பவில்லை. முகத்தையும் பார்த்தார், நான்கு நாளும் பொறுத்திருந்தார்.