முகமூடி போட்ட துணிச்சல்காரர்

(சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"கனடாவுல இருந்து வந்திருக்கீங்க, அந்த ஊர் விளையாட்டைப் பத்திச் சொல்லுங்க சார்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். அந்த ஊர் விளையாட்டு என்றால் ஐஸ் ஹாக்கிதான். அதிலும் கோல் கீப்பரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பனித்தளத்தில் அணிக்கு ஆறு பேர். ஐந்து பேர் ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருப்பார்கள். கோல் கீப்பர் மட்டும் பொதுவாக 60 நிமிடமும் நிற்பார். அங்கே பந்து கிடையாது. 3 அங்குல அகலமும் 1 அங்குல கனமும் உள்ள கெட்டியான ரப்பர் வில்லை, 'பக்' என்பார்கள். துள்ளாமல் இருக்க அதை உறைய வைத்துத்தான் எடுத்து வருவார்கள். மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேலும் பறந்து வரும். காக்க வேண்டிய வாசல் 6 அடி அகலம், 4 அடி உயரம். பக் கிளம்பின பிறகு யோசிக்க நேரமில்லை. அடிக்கிறவரின் மட்டையைப் பார்த்தே நகரணும். இரண்டடி முன்னால் வந்து நின்றால், அவர் கண்ணுக்கு வாசல் சுருங்கிவிடும். மற்றவர்கள் செய்யும் தப்பை இவர் தடுத்துவிடலாம். இவர் தப்பினாலோ, பின்னாலேயே சிவப்பு விளக்கு எரியும்!

இத்தனைக்கும் ஒரு காலத்தில் வெறும் முகத்தோடுதான் நின்றார்கள். க்ளென் ஹால் என்பவர் 1955 முதல் 1962 வரை தொடர்ந்து 502 ஆட்டங்கள் அப்படியே ஆடினார். ஆட்டத்துக்கு முன் பதற்றத்தில் வாந்தி எடுப்பாராம். பயம் இல்லாதவர் யாருமில்லை. வெளியே காட்டக்கூடாது என்பதுதான் வழக்கம்.

அந்த வழக்கத்தை உடைத்தவர் மான்ட்ரியல் கனடியன்ஸ் அணியின் ஜாக் பிளான்ட். பயிற்சியில் முகமூடி அணிவார். ஆட்டத்தில் அணிய பயிற்சியாளர் டோ பிளேக் சம்மதிக்கவில்லை. 1959 நவம்பர் 1 அன்று நியூயார்க்கில் ஆண்டி பாத்கேட் அடித்த பக் அவர் முகத்தைக் கிழித்தது. தையல் போட்டுக்கொண்டு, "முகமூடி இல்லாமல் இறங்க மாட்டேன்" என்று உறுதியாக நின்றார். அந்நாளில் அணியில் மாற்று கோல் கீப்பர் தயாராக உட்கார்ந்திருப்பதில்லை. வேறு வழியின்றி பிளேக் இணங்கினார். அன்று மான்ட்ரியல் 3-1 என வென்றது. அந்தப் பருவத்திலேயே ஸ்டான்லி கோப்பையைத் தொடர்ந்து ஐந்தாவது முறையாகக் கைப்பற்றியது. 'முகமூடி பார்வையைக் கெடுக்கும், கோழையாக்கும்' என்ற வாதம் மெல்லச் செத்தது. 1974-க்குப் பிறகு அந்த லீகில் வெறும் முகத்தோடு எந்த கோல் கீப்பரும் ஆடவில்லை.

மாணவச் செல்வங்களே, இதை ஏன் சொல்கிறேன்? நான் வேலை பார்த்த ஓர் ஆலையில், கண்ணாடி போடாமல் கிரைண்டிங் செய்த ஒருவருக்கு ஒரு கண் போயிற்று. நல்ல தொழிலாளி. போட்டால் மற்றவர்கள் கேலி செய்வார்கள் என்ற கூச்சம்தான் காரணம். நாளை உங்களையும் "ஹெல்மெட் எதுக்குடா, பெல்ட் எதுக்குடா?" என்று கேட்பார்கள். அடி வாங்குவது வீரமல்ல. அடுத்த அடியையும் தடுக்க வாசலில் நிற்கணும், அதுதான் கோல் கீப்பரின் வேலை. அதற்குக் கண் இரண்டும் வேணும்.