மணியோசை கேட்டு ஓடிவந்த பிள்ளைகள்

(நமது பங்கின் பொன்விழா ஆண்டில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில், மறைக்கல்வி ஆசிரியர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



பிள்ளைகளிடம் நல்ல பழக்கங்களை வளர்ப்பது எப்படி என்பது எங்களுக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. இத்தலைப்பில் பேச வருகிறவர்கள் வழக்கமாகப் பெற்றோரைக் குறை சொல்லித்தான் தொடங்குவார்கள். நாங்கள் அப்படிச் செய்யப் போவதில்லை. அதிகாலையில் விசைப்படகில் போன தகப்பனார் இரவு கரை சேரும்போது பிள்ளை தூங்கிவிடுகிறது. துறைமுகத்தில் இரவு ஷிப்டு பார்க்கிறவர் வீட்டிலும், விடியுமுன் உப்பளத்துக்குப் போகிற தாய்மார் வீட்டிலும் நிலைமை அதுவே. மிஞ்சுகிற அரை மணி நேரமும் "படித்தாயா, செபித்தாயா, பல் விளக்கினாயா" என்ற கேள்விகளிலேயே கரைந்துவிடுகிறது. கேட்கிறவருக்கும் அலுப்பு, பதில் சொல்கிற பிள்ளைக்கும் அலுப்பு. பல வீடுகளில் குடும்பச் செபமாலை நின்றுபோனதற்குப் பக்திக் குறைவைவிட இந்த அலுப்பே பெரிய காரணம் என்பது எங்கள் எண்ணம்.

அலுப்புக்கு மருந்து உண்டா? உண்டு. அதைத் தேடி நாம் வெளியூர் போகவும் வேண்டாம். நானூற்று எண்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கடற்கரையில் ஒருவர் அதைச் செய்து காட்டியிருக்கிறார்.

1542 அக்டோபரில் புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1535 முதல் 1537 வரை, நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். ஆனால் செபம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. வந்தவருக்கோ தமிழ் தெரியாது. அந்த மாதம் 28-ஆம் நாள் அவர் தூத்துக்குடியிலிருந்து புனித இஞ்ஞாசியாருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஊர்களுக்குள் போனதும் சிறுவர்கள் தம்மைச் சூழ்ந்துகொண்டார்கள் என்றும், ஏதாவது ஒரு செபம் கற்றுத் தரும்வரை தம்மைக் குருக்களுக்குரிய செபத்தைச் சொல்லவும் சாப்பிடவும் தூங்கவும் விடவில்லை என்றும் அதில் எழுதியிருக்கிறார். நாம் பிள்ளைகளைச் செபத்துக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றிப்போகிறோம். அவரையோ பிள்ளைகள் செபம் கேட்டுத் தூங்கவிடாமல் செய்திருக்கிறார்கள்!

அவர் என்ன செய்தார் என்பதை 1544 சனவரி 15-இல் கொச்சியிலிருந்து எழுதிய நீண்ட கடிதம் சொல்கிறது. இரு மொழியும் அறிந்த சிலரைக் கூட்டி, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், அருள் நிறைந்த மந்திரம் ஆகியவற்றை மிகவும் பாடுபட்டுத் தமிழாக்கினார். முதலில் தாமே மனப்பாடம் செய்தார். பிறகு கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு ஊர் முழுவதும் நடந்தார். ஓசை கேட்டு வந்த சிறுவர்களையும் ஆண்களையும் ஓரிடத்தில் சேர்த்து, நாளுக்கு இருமுறை கற்பித்தார். ஒரு மாதத்தில் செபங்கள் முடிந்தன.

அந்தத் தமிழில் பிழையும் இருந்தது. விசுவாசப் பிரமாணத்தில் விசுவசிக்கிறேன் என்று வரவேண்டிய இடத்தில் "வேணும்" என்ற சொல் புகுந்துவிட்டது. 1544-இல் தம்மோடு உழைத்த மன்சிலாஸ் என்பவருக்குக் கடிதம் எழுதி அதைத் திருத்தச் சொல்கிறார் சவேரியார். அதுவரை நம் கடற்கரைப் பிள்ளைகள் "வேணும், வேணும்" என்று உரக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார்கள். அவர்களுக்குச் சிரிப்பு வராமலா இருந்திருக்கும்? கடிதத்தில் அது இல்லை, எங்கள் ஊகம்தான்.

மணியும் வேடிக்கையும் பிள்ளைகளைக் கூட்டிவரும். ஆனால் எந்த வேடிக்கையும் எட்டு நாளில் பழசாகிவிடும். பிள்ளைகளை அதற்குப் பிறகும் விடாமல் பிடித்துவைத்தது, அடுத்து அவர் கொடுத்த வேலையே. இங்கே படித்ததை வீட்டில் தாய் தகப்பனுக்குச் சொல்லிக்கொடு, அயல்வீட்டாருக்கும் சொல்லிக்கொடு என்று அனுப்பினார். நினைத்துப் பாருங்கள். கடலிலே தகப்பன் சொல்வதை மகன் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கே மோசம். மாலையில் கரையிலே அதே தகப்பன் கைகட்டி உட்கார்ந்து, எட்டு வயது மகன் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்கிறான். எந்தப் பிள்ளை மறுநாள் பாடத்துக்குப் போகாமல் இருக்கும்? இன்னொன்றும் செய்தார். நோயாளிகள் வீட்டிலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருந்தது, ஒருவரால் எல்லா வீட்டுக்கும் போக முடியவில்லை. செபம் தெரிந்த சிறுவர்களைத் தமக்குப் பதிலாக அனுப்பினார். அவர்கள் போய் வீட்டாரையும் அயலாரையும் கூட்டிவைத்து, நோயாளிக்காக விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லி மன்றாடினார்கள். செபம் சொல்லும் பழக்கம் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வீரச்செயலாக ஆகிவிட்டது. "என்னை நம்பி ஓர் உயிருக்காக அனுப்பியிருக்கிறார்கள்" என்ற எண்ணத்தைவிடப் பெரிய விளையாட்டு எது?

தாம் இல்லாத ஊர்களில் கற்பிக்கக் கணக்கப்பிள்ளைகளையும் அமர்த்தினார். போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று இக்கடற்கரை வருமானத்தில் ஒதுக்கப்பட்டிருந்த 4,000 பணம் அவர்களுடைய சம்பளத்துக்குத் திருப்பப்பட்டது என்பது சுவையான செய்தி. இன்று மறைக்கல்வி கற்பிக்கிற எங்களுக்கு அப்படி ஓர் அரசி இல்லை, அது வேறு விஷயம்.

இப்படி வீட்டுக்குள் நுழைந்த பழக்கம் எவ்வளவு ஆழமாக வேர்விட்டது என்பது ஒரு நூற்றாண்டு கழித்துத் தெரிந்தது. 1658-இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றிக் குருக்களை வெளியேற்றினார்கள். பூசை காண்பதே அரிதாயிற்று. கோவிலும் இல்லை, குருவும் இல்லை என்ற அந்த நாட்களில் பாட்டி சொல்லப் பேரன் கேட்ட செபங்கள்தான் மிஞ்சின. அவை அன்று வீட்டில் இல்லாதிருந்தால், இன்று பொன்விழா கொண்டாட இந்தப் பங்கு இருந்திருக்குமா?

சவேரியார் செய்ததை வேறு நாடுகளிலும் புனிதர்கள் தத்தம் வழியில் செய்திருக்கிறார்கள். இத்தாலியில் 1815-இல் பிறந்த தொன் போஸ்கோ சிறுவனாயிருந்தபோதே மரத்துக்கு மரம் கயிறு கட்டி, அதன்மேல் நடந்து வித்தை காட்டுவார். கட்டணம் காசு அல்ல, செபமாலை. நடுவிலே செபமாலைக்கு நிற்காமல் நழுவியவனுக்குப் பிறகு வித்தை பார்க்க இடமில்லை. குழந்தை தெரேசம்மாளுக்கு நாலு வயதிலேயே ஒரு மணிச்சரம் கிடைத்தது. தன் விருப்பத்தை ஒருமுறை விட்டுக்கொடுத்தால் சட்டைப்பைக்குள் கைவிட்டு ஒரு மணியைத் தள்ளுவாள். 1915-இல் பிரான்சில் தொடங்கிய நற்கருணை வீரர் சபையும் இதே வழியில்தான் நடந்தது. கண்ட திருப்பலி, சொன்ன செபமாலை, செய்த ஒறுத்தல் ஆகியவற்றைப் பிள்ளைகள் ஒரு தாளில் கணக்கெழுதுவார்கள். இங்கே அமர்ந்திருக்கும் பெரியவர்களில் சிலருக்கு அந்தக் கணக்கும், பங்குத் தந்தையின் விழாவுக்குக் கொடுத்த ஞானச் செண்டும் நினைவிருக்கலாம்.

கணக்கு என்றதும் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சில இடங்களில், தவறாமல் வந்தால் சைக்கிள், அதிக மதிப்பெண் எடுத்தால் கைக்கடிகாரம் என்று அறிவிக்கிறார்கள். பரிசு கொடுக்கும் நாள்வரை கோவில் நிரம்பி வழிகிறது, மறுவாரம் பாதி பெஞ்சு காலி. இது ஏன் என்பதற்கு அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மழலைப் பள்ளியில் செய்து, 1973-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி விளக்கம் தருகிறது. இயல்பாகவே படம் வரைவதில் ஆசையுள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு மட்டும், வரைந்தால் நாடா கட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி, அப்படியே கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களைப்போல் ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். தானாக ஊறிய ஆசையைப் பரிசு வற்றச் செய்துவிட்டது. தெரேசம்மாளின் மணிச்சரத்துக்கு யாரும் பரிசு கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அது சட்டைப்பைக்குள் மறைந்திருந்தது.

பழக்கம் ஊற எத்தனை நாள் ஆகும் என்று சிலர் கேட்கிறீர்கள். இருபத்தோரு நாள் போதும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அதை நம்பி ஏமாற வேண்டாம். இலண்டனில் 96 பேரைக் கொண்டு செய்து, 2010-இல் வெளியான ஆராய்ச்சியில், ஒரு சிறு செயல் தன்னால் நடக்கும் அளவுக்குப் பழக 66 நாள் என்ற அளவு வந்தது. ஆனால் ஆளுக்கு ஆள் அது 18 நாள் முதல் 254 நாள்வரை மாறியது. இடையில் ஒரு நாள் தவறியதால் கெடுதல் ஒன்றும் நேரவில்லை என்பதும் அதில் கண்ட உண்மை. ஆகவே, ஒருநாள் செபம் விட்டுப்போனால் "எல்லாம் போச்சு" என்று பிள்ளையைத் திட்டாதீர்கள். நம் திருச்சபை நாட்காட்டியிலேயே இதற்கு வசதி இருக்கிறது. தவக்காலத்து நாற்பது நாள் போதவில்லை. சாம்பல் புதன் தொடங்கிப் பெந்தகோஸ்தே வரை எண்ணினால் தொண்ணூறு நாளுக்கு மேல் வருகிறது.

இனி நம் பங்கில் செய்ய நினைத்திருப்பதைச் சொல்கிறோம். வரும் தவக்காலம் முதல் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு கைமணி கொடுக்கப்படும். மாலை ஏழு மணிக்கு அந்த வாரத்துக்குரிய பிள்ளை தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மணி அடித்துப் போகும். வீட்டிலே விளக்கேற்ற ஒரு பிள்ளை, மன்றாட்டுச் சொல்ல ஒரு பிள்ளை. மன்றாட்டு என்றால் புத்தகத்தில் உள்ளதை வாசிப்பது அல்ல. இன்று இந்தத் தெருவிலிருந்து கடலுக்குப் போயிருப்பவர்கள் யார், காய்ச்சலாய்க் கிடப்பவர் யார் என்று விசாரித்து வந்து பெயர் சொல்ல வேண்டும். தனியாக இருக்கும் முதியவர் வீட்டுக்கு வாரம் ஒருநாள் இரண்டு பிள்ளைகள் போய்ச் செபம் சொல்லி வருவார்கள். செபம் முடிந்த ஒவ்வொரு நாளுக்கும் கடற்கரையில் பொறுக்கிய ஒரு சிப்பியை வீட்டுப் பாட்டிலில் போட வேண்டும். பாட்டில் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது. எந்த வீட்டில் சிப்பி அதிகம் என்று நாங்களும் கேட்கமாட்டோம், நீங்களும் தயவுசெய்து அடுத்த வீட்டில் போய் எண்ணாதீர்கள். பதின்மூன்று வயது தாண்டியவர்களிடம் சிப்பி செல்லாது. "நாங்கள் என்ன குழந்தைகளா?" என்பார்கள். தெருமணியின் முறைப்பட்டியலைப் போடுவதும், சிறியவர்களுக்குச் செபம் கற்பிப்பதும் அவர்கள் பொறுப்பு. அந்தப் பட்டியலில் நாங்கள் தலையிடமாட்டோம்.

அப்படியானால் பெற்றோருக்கு வேலை இல்லையா? 1961-இல் நடந்த கடைசி முத்துக்குளிப்பைப் பார்த்தவர்கள் நம்மிடையே சிலரே இருப்பார்கள். குளிக்கிறவர் கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்குவார், கயிற்றைப் பிடித்தவர் தோணியில் இருப்பார். கயிறு பிடிப்பவர் சிப்பி பொறுக்கமாட்டார், கீழே போய் எட்டிப் பார்க்கவும்மாட்டார். ஆனால் அவர் கவனம் சிறிது நேரம்கூட அப்பால் போகாது. பிள்ளை மணியைத் தூக்கிக்கொண்டு போகும்போது நாம் செய்ய வேண்டியது அவ்வளவே. வீட்டுப் படியில் நின்று பாருங்கள், பிடுங்கி நீங்களே அடிக்காதீர்கள். ஏழு மணிக்குச் செல்போனைக் கீழே வைப்பதையும் முதலில் நாம்தான் செய்ய வேண்டும். தகப்பனார் கடலில் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை அந்த வாரத்து மன்றாட்டுகளைப் பிள்ளை அவருக்கு ஒப்பிக்கட்டும். அவருடைய பெயரும் அதில் இருந்தது என்பதை அவர் அப்போது தெரிந்துகொள்வார்.

மணிகள் வந்துவிட்டன. ஆறு வயதுக் குழந்தையும் தூக்கக்கூடிய சிறிய மணிகள்தான். சக்கிரீஸ்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். விருப்பமுள்ள பிள்ளைகள் தங்கள் பெயரையும் தெருவையும் தங்கள் கைப்படவே அதில் எழுதட்டும், பெற்றோர் எழுதித் தர வேண்டாம். எழுதத் தெரியாத சின்னஞ்சிறுவர்கள் மணியின் படத்தை வரைந்துவிட்டுப் போனால் போதும். எந்த வீட்டுப் பிள்ளை என்று நாங்கள் கண்டுபிடித்துக்கொள்கிறோம்.